கருவின் வாயிலும் கலத்தின் பிரிவும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்தப் பகுதியிலே மரமொன்றைப் பற்றி ஏறும் மிளகுக்கொடியின் தளிர்நுனியைச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால், கலங்கள் ஓயாது பிரிந்து பெருகும் தொழிற்களம் ஒன்று கண்முன் விரியும். மிளகின் கலமொன்று பொதுவாக 52 நிறமூர்த்தங்களைக் கொண்டது. கலம் பிரியுமுன் இவை ஒவ்வொன்றும் இரட்டிக்கின்றன. இரட்டித்தவை பின்னர் பிசகின்றிப் பிரிந்து மகட்கலங்கள் இரண்டையும் சரிசமமாகச் சென்றடைகின்றன. ஒன்று கூடினும் ஒன்று குறையினும் அக்கலத்துக்குக் கேடே. மனிதக் கலத்தில் இத்தொகை 46. தொகை வேறுபடினும் சிக்கல் ஒன்றே. கண்ணும் கையும் இல்லாத கலமானது தன் நிறமூர்த்தங்கள் எங்கே கிடக்கின்றன என்பதை எவ்வாறு அறிந்துகொள்கிறது? அவற்றைப் பற்றி இழுக்கும் நார்களை அந்த இடத்தைச் சுற்றியே எவ்வாறு கட்டுகிறது?

இவ்வினாவுக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கருவுக்குள்ளே பொருள்களைக் கொண்டுசெல்வதும் கருவினின்று அவற்றை வெளிக்கொணர்வதுமே தொழிலாகவுடைய புரதங்கள் சில உள. விலங்குக் கலம் இழையுருப்பிரிவில் ஈடுபடும்போது கருமென்சவ்வு குலைந்துபோகின்றது. வாயிலே இல்லாதவிடத்து வாயில் காப்போனுக்கு வேலை ஏது? ஆகவே பிரிவு நிகழும் அந்த ஒரு மணி நேர அளவில் இப்புரதங்கள் வாளாவிருக்கும் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவை அவ்வேளையிலும் ஓய்வதில்லை, மாறாகப் பிரிவையே நெறிப்படுத்துகின்றன என்பது 1999 இலும் 2001 இலும் தெளிவாயிற்று. அத்தெளிவு பிறந்த வழி நேரானதன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரு வேறு துறைகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தன என்பதே இவ்வரலாற்றின் சுவை.

கலப்பிரிவைக் கண்ணாற் கண்டவர்களின் வரலாறு பழையது. ஜேர்மனியின் கீல் நகரில் வால்ற்றர் பிளெமிங், சலமாந்தர்க் குடம்பிகளின் கலங்களைச் சாயமூட்டி ஆராய்ந்து, 1882 இல் வெளியிட்ட பெருநூலில் இழையுருப்பிரிவின் படிகளை ஒழுங்காக விவரித்தார். நிறமூர்த்தங்களைச் சூழ்ந்து இரு முனைகளிலும் ஒடுங்கிய நார்க்கட்டு ஒன்று தோன்றுவதை அவரும் அவர் காலத்தவரும் கண்டனர். நூல் நூற்கும் கருவியின் வடிவை ஒத்திருந்தமையால் அக்கருவியின் பெயரே அதற்கு இடப்பட்டது. தமிழிலும் அது 'கதிர்' எனப்படுகின்றது. நூற்கும் கதிரையே இச்சொல் குறிக்கின்றதாயினும், ஞாயிற்றின் கதிரையும் நெல்லின் கதிரையும் மட்டுமே அறிந்த இன்றைய மாணவர் பலர் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வதில்லை. இராட்டினம் வீட்டை விட்டு நீங்கியபோது ஒரு கலைச்சொல்லின் விளக்கமும் உடன் நீங்கிற்று.

நிறமூர்த்தங்களை எண்ணி வகைப்படுத்தும் பணியில் தென்னிந்தியர்க்கும் பங்குண்டு. தலைச்சேரியிற் பிறந்து, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிற் கற்பித்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த ஜானகி அம்மாள், சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணை நூலை 1945 இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் விசுலித் தோட்டத்தில் அவர் கொல்சிசின் என்னும் பொருளைப் பயன்படுத்தி மக்னோலியா முதலிய செடிகளின் நிறமூர்த்தத் தொகையை இரட்டிப்பாக்கினார். கொல்சிசின் கதிரைக் குலைக்கும் நஞ்சாகும். கதிர் இல்லையேல் இரட்டித்த நிறமூர்த்தங்கள் பிரிய வழியின்றி ஒரே கலத்திலே தங்கிவிடும்.

இந்நஞ்சு இலங்கையர்க்குப் புதியதன்று. கார்த்திகைப்பூ என நாட்டிலும் காந்தள் என ஏட்டிலும் வழங்கும் கொடியின் கிழங்கிலே கொல்சிசின் உண்டு. சிங்களத்தில் நியகலா எனப்படும் அக்கிழங்கை உண்டு இறந்தோர் பலர். தப்பிப் பிழைத்த ஒருவரின் தலைமயிரும் உடல்மயிரும் முற்றாக உதிர்ந்தமை பற்றிய குறிப்பொன்று இந்நாட்டிலிருந்து 1966 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. மயிர்க்காலின் கலங்கள் விரைந்து பிரிவன. கதிர் குலைந்தால் முதலில் நலிபவற்றுள் அவையும் அடங்கும். மறு ஆண்டிலே, 1967 இல், சிக்காகோவில் கரி போரிசியும் எட்வின் ரெய்லரும் கதிரியக்க அணு சேர்த்த கொல்சிசினைக் கலச்சாற்றில் இட்டு அது எப்புரதத்தைப் பற்றுகின்றது எனத் தேடினர். கதிரின் நார்களாகிய நுண்புன்குழாய்களை ஆக்கும் செங்கல் அவ்வாறு கண்டறியப்பட்டது. பின்னர் அது தியூபியூலின் எனப் பெயர்பெற்றது. ஆக, 1970 களின் தொடக்கத்திற் கதிர் எதனால் ஆனது என்பது தெரியும். அதனை அந்த இடத்திற் கட்டுமாறு பணிப்பது யாது என்பதே தெரியாதிருந்தது.

இனி மற்றைய துறைக்கு வருவோம். 1950 இல் கலனும் தொம்லினும் ஈரூடகவாழிகளின் முட்டைக்கலக் கருவை உரித்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, கருமென்சவ்வு முழுவதும் துளைகள் நிறைந்திருப்பதைக் கண்டனர். அத்துளை வெறும் ஓட்டையன்று. ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள் பலமுறை அடுக்கப்பெற்று எண்பக்கச் சமச்சீருடன் அமைந்த பெரும் கட்டடம் அது. சிறு மூலக்கூறுகள் தடையின்றி ஊடுருவும்; ஏறத்தாழ 40,000 தாற்றனுக்கு மேற்பட்ட புரதங்கள் அனுமதிச் சீட்டு இன்றி உட்புக இயலாது. அச்சீட்டு யாது என்பதை முதலில் உணர்த்தியவர்கள் இரொன் லாஸ்கியின் குழுவினர். தவளை முட்டையின் கருவிலே மிகுந்து காணப்படும் நியூக்கிளியோபிளாசுமின் என்னும் புரதத்தின் வாற்பகுதியிலேயே உட்புகும் ஆணை எழுதப்பட்டிருப்பதை அவர்கள் 1982 இல் காட்டினர். 1984 இல் கல்டெரன், சிமித் முதலியோர் குரங்கு வைரசொன்றின் புரதத்தில் ஏழே ஏழு அமினோ அமிலங்கள் இவ்வாணைக்குப் போதும் எனவும், அவற்றுள் ஒரு லைசினை மாற்றியவுடன் அப்புரதம் கருவுக்கு வெளியிலே தங்கிவிடுகின்றது எனவும் நிறுவினர். சீட்டு கண்டறியப்பட்டது, சீட்டைப் படித்துச் சுமந்துசெல்வோன் இன்னும் கண்டறியப்படவில்லை.

இதற்கு முன்னரே, 1978 இல், நியூ யோர்க்கிலே இதனோடு தொடர்பற்றதாகத் தோன்றிய ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்திருந்தது. யப்பானியராகிய தக்கேஹரு நிஷிமொத்தோ, குளோடியோ பசிலிகோவின் ஆய்வுகூடத்தில், ஹம்ஸ்டர் எனும் கொறிவிலங்கின் சிறுநீரகக் கலங்களிலிருந்து வெப்பநிலைக்கு ஆட்படும் விகாரக் கலங்களைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ரீ.எஸ்.பி.என்.2 என எண்ணிடப்பட்ட கலவழி ஒன்று விந்தையான இயல்புடையது. 33.5 பாகையில் அது வழமைபோல் வளர்ந்தது. 39.5 பாகைக்கு உயர்த்தியதும், டீ.என்.ஏ. இரட்டித்து முடியாத கலங்களிலும் நிறமூர்த்தங்கள் அவசரமாகச் சுருண்டு தடித்தன. கணக்கை முடிக்குமுன் ஏட்டை மூடிவிட்டாற் போன்ற நிலை அது. கலவட்டத்தின் ஒழுங்கைக் காக்கும் ஏதோ ஒரு பரம்பரையலகு அங்கே பழுதுற்றிருந்தது.

நிஷிமொத்தோ யப்பானுக்குத் திரும்பிக் கியூஷு பல்கலைக்கழகத்திலிருந்து அப்பரம்பரையலகைத் தேடினார். மனித டீ.என்.ஏ.யை விகாரக் கலத்துட் செலுத்தி, உயர்ந்த வெப்பநிலையிலும் பிழைக்கும் கலங்களைப் பொறுக்கி, அவற்றுள் நின்ற மனிதப் பகுதியைப் பிரித்தெடுக்கும் வழி அது. இன்று ஒரு கிழமையில் முடியக்கூடிய இவ்வேலைக்கு அன்று ஆண்டுகள் சென்றன. 1987 இல் வெளியான அப்பரம்பரையலகுக்கு நிறமூர்த்தச் சுருக்கத்தின் சீராக்கி என்னும் பொருள்பட ஆர்.சி.சி.1 எனப் பெயரிடப்பட்டது. அதன் புரதம் டீ.என்.ஏ.யுடன் ஒட்டிக்கொண்டிருப்பது 1989 இல் தெரியவந்தது. இப்பெயரும் இவ்விருப்பிடமும் அதனைக் கலப்பிரிவுத் துறையினரின் உடைமையாக்கின. போக்குவரத்தை ஆராய்ந்தோர் அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெயரிடுதல் அறிவியலில் ஓர் அதிகாரச் செயல். ஒரு பொருளை எத்துறை கற்கவேண்டும் என்பதைப் பெயரே பெரிதும் தீர்மானித்துவிடுகின்றது.

1990 இல் நியூ யோர்க்கிலே திறைவசு முதலியோர் புற்றுநோய்க் கலவழி ஒன்றிலிருந்து ராஸ் என்னும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த புதிய உறுப்பினர் சிலரை விவரித்தனர். அவர்களுள் ஒருவர் கருவில் வாழ்பவர். இவரே பின்னர் றான் எனப் பெயர்பெற்றார். (மூலக்கூறை உயர்திணையாக்குவது இலக்கண வழுவாயினும், இக்கதையில் இவர் வகிக்கும் இடம் நோக்கி மன்னிக்கத்தக்கது.) இக்குடும்பத்தின் தொழில் எளிது. ஜி.ரீ.பி. என்னும் சிறு மூலக்கூறைப் பற்றியிருக்கையில் ஒரு நிலை. அது சிதைந்து ஜி.டீ.பி. ஆனபின் மறு நிலை. மின்விளக்கின் ஆளி போல இரண்டே நிலை. 1991 இல் ஹைடெல்பேர்க் நகரின் ஜேர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பிஷொவும் பொன்ஸ்ரிங்கிலும், ஆர்.சி.சி.1 இன் தொழில் றானிடமிருந்து ஜி.டீ.பி.யை நீக்கி ஜி.ரீ.பி.யை ஏற்றுவதே எனக் காட்டினர். அதாவது நிஷிமொத்தோவின் சீராக்கி, ஆளியை ஏற்றும் விரலாகும்.

போக்குவரத்துத் துறை 1993 இல் திடுக்கிட்டு விழித்தது. கலத்தின் புறமென்சவ்வை டிஜிற்றோனின் என்னும் பொருளாற் கிழித்து, உள்ளிருந்த சாற்றை வடித்துவிட்டு, கருவை மட்டும் பழுதின்றி விட்டுவைக்கும் முறையொன்றை லரி ஜெராசின் குழுவினர் 1990 இல் ஆக்கியிருந்தனர். வடித்த சாற்றின் எந்தக் கூறை மீண்டும் சேர்த்தாற் கருவினுட் புரதம் புகுகின்றது எனத் தேடலாம். றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் மேரி ஷானன் மூரும் குந்தர் புளோபலும் அவ்வாறு தேடிப் பிடித்த கூறு றான். அதே ஆண்டில் ஜெராசின் ஆய்வுகூடத்தில் மெல்சியோர் முதலியோரும் அதே முடிவுக்கு வந்தனர். மறு ஆண்டில் கேம்பிரிட்ஜில் டேர்க் கோர்லிக், சீட்டைப் படிக்கும் சுமைகாரனையும் தூய்மைப்படுத்தினார். இம்போட்டின் என்று அதற்குப் பெயர்.

இப்பகுதிகளை இணைத்தபோது அழகிய பொறிமுறை ஒன்று புலப்பட்டது. ஜி.ரீ.பி. ஏற்றும் ஆர்.சி.சி.1 நிறமூர்த்தங்களிலே ஒட்டியிருப்பதால் கருவினுள்ளே மட்டும் இருக்கின்றது. அந்த ஜி.ரீ.பி.யைச் சிதைக்கத் தூண்டும் றான்-காப் என்னும் புரதம் கருவுக்கு வெளியே மட்டும் இருக்கின்றது. ஆகவே ஏற்றப்பட்ட றான் உள்ளே மிகுதி, வெளியே அருமை. இம்போட்டின் சுமையுடன் உட்புகுந்ததும் ஏற்றப்பட்ட றான் அதனைப் பற்றி, சுமையை இறக்கிவைக்கச் செய்கின்றது. சுமந்து வந்தவனுக்கு 'ஊர் வந்துவிட்டது, இறக்கு' எனச் சொல்பவன் றான்.

எனின், நிறமூர்த்தச் சுருக்கம் எங்கே? கலவட்டம் எங்கே? 1990 களின் நடுப்பகுதியிற் கூர்மையடைந்த கருத்து வேறுபாடு இதுவே. மதுவத்திலே இதே பரம்பரையலகு பழுதுற்ற வகைகள் வெவ்வேறு ஆய்வாளர்க்கு வெவ்வேறு காரணங்களுக்காக அகப்பட்டிருந்தன. ஒருவருக்கு அது செய்திக்காவி ஆர்.என்.ஏ. வெளிவராத விகாரம், ஒருவருக்கு இணைசேர்தலிற் பிழைபட்ட விகாரம், 1991 இல் மற்சுமொத்தோவுக்கும் பீச்சுக்கும் அது கலப்பிரிவு காலத்துக்கு முந்தித் தொடங்கும் விகாரம். போக்குவரத்தை ஆராய்ந்தோர் இவை அனைத்துக்கும் ஒரே விளக்கம் தந்தனர்: வாயில் அடைபட்டால் வீட்டிலே சமையல் முதல் திருமணம் வரை யாவும் நின்றுபோகும், அதற்காக வாயிற்கதவு சமைக்கின்றது எனக் கூறலாமா? கலவட்டக் கோளாறு போக்குவரத்துக் கோளாற்றின் விளைவேயன்றி வேறன்று.

இவ்வாதம் வலியது. எளிமையான விளக்கம் இருக்கச் சிக்கலான விளக்கத்தை நாடலாகாது என்னும் முறைமையும் அதன் பக்கமே. எதிர்க்கட்சியினர் பக்கத்தில் இருந்தது பெரும்பாலும் ஐயுறவே. 1998 இல் நிஷிமொத்தோவின் குழுவினர், றானுடன் இணையும் ஒரு புதிய புரதம் நுண்புன்குழாய்களை முளைக்கச் செய்கின்றது என அறிவித்தனர். கதிருடன் றானை நேரே தொடர்புபடுத்திய இவ்வறிக்கை பலரை இத்திசையிலே திருப்பிற்று. ஆனால் அவர்கள் ஆண்டது அப்பரம்பரையலகின் முழுமையற்ற பிரதி என்பதை அதே குழுவினரே 2001 இல் வெளியிட நேர்ந்தது. அப்புரதத்தின் பங்கு பற்றிய முதற்கூற்று நிலைக்கவில்லை. வழிகாட்டிப் பலகை பிழையாயிருந்தும் பயணிகள் சரியான ஊரை அடைந்தனர். அறிவியல் வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் பாடநூல்கள் காட்டுவதிலும் மிகுதி.

விளைவா காரணமா என்னும் வழக்கைத் தீர்க்க, கருவே இல்லாத இடத்தில் றானைச் சோதிக்க வேண்டும். கருமென்சவ்வு இல்லையேல் போக்குவரத்து இல்லை. போக்குவரத்து இல்லாதவிடத்தும் றான் கதிரை ஆக்குமாயின் வழக்கு முடிந்தது. அத்தகைய இடம் ஒன்று ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தது. ஆபிரிக்க நகத் தவளையின் கருக்கட்டாத முட்டைகளைச் சுழற்றிப் பிழிந்தெடுத்த சாறு, இழையுருப்பிரிவு நிலையிலேயே நின்று, கலத்துக்குரிய தொழில்களைச் சோதனைக் குழாயிற் செய்து காட்டும். லோக்காவும் மசூயியும் 1983 இல் தொடங்கிவைத்த இம்முறையை மரேயும் கேஷ்னரும் 1989 இல் செம்மைப்படுத்தினர். 1996 இல் ஹைடெல்பேர்க் ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் ரெபெக்கா ஹீல்ட், எறிக் கார்சென்ரி முதலியோர் இச்சாற்றில் டீ.என்.ஏ. பூசிய சிறுமணிகளை இட்டனர். புன்மையத்திகளும் இல்லை, நிறமூர்த்தத்தில் நார் பற்றும் மையப்பாத்தும் இல்லை; இருந்தும் மணிகளைச் சூழ்ந்து இருமுனைக் கதிர் எழுந்தது. நிறமூர்த்தத்தினின்று ஏதோ ஒரு 'கட்டளை' பரவுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கட்டளையிடுவோன் யார் என்பது 1999 இல் வெளிப்பட்டது. அதுவும் ஒருவர் வாயினின்றன்று. கியூஷுவில் நிஷிமொத்தோவின் குழு, பால்ரிமோரில் வைல்டும் யிக்ஸியன் செங்கும், பெதெஸ்டாவில் மேரி டாசோவின் குழு, ஹைடெல்பேர்கில் கராசோ-சலாஸ் முதலியோர், மஞ்செஸ்ரரில் போல் கிளார்க்கின் குழு என ஐந்து குழுவினர் ஓராண்டுக்குள்ளே ஒரே செய்தியைச் சொல்லினர். ஜி.ரீ.பி.யை விடாது பற்றிநிற்குமாறு மாற்றப்பட்ட றானைத் தவளைச் சாற்றில் இட்டால், நிறமூர்த்தம் எதுவும் இல்லாமலே நுண்புன்குழாய்கள் விண்மீன் வடிவிலும் கதிரை ஒத்த வடிவிலும் எழுகின்றன. றானைச் செயலிழக்கச் செய்தாலோ நிறமூர்த்தம் இருந்தும் கதிர் எழுவதில்லை. கருவில்லை, மென்சவ்வில்லை, துளையில்லை. றான் மட்டும் தொழிற்படுகின்றது. 21 ஆண்டுகளுக்கு முன் ஹம்ஸ்டர்க் கலத்திற் கண்ட கோளாற்றைப் போக்குவரத்தின் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிட இனி இயலாதாயிற்று.

எனினும் போக்குவரத்துக் கட்சி முற்றாகத் தோற்றுவிடவில்லை. 2001 இல் வந்த முடிபு இருதிறத்தாரையும் ஒருவாறு வெல்லச் செய்தது. றான் கதிரை எவ்வாறு எழுப்புகின்றது எனத் தேடிய மூன்று குழுவினர், இடையில் நிற்பது பழைய இம்போட்டினே என்று கண்டனர். ஹைடெல்பேர்கில் குரூஸ் முதலியோர் ரீ.பி.எக்ஸ்.2 என்னும் புரதத்தையும், நக்கூரியும் ஹீல்டும் வேறு சிலரும் நூமா என்னும் புரதத்தையும் ஆராய்ந்தனர். வீஸ், செங் முதலியோரின் முடிவும் இவற்றுடன் ஒத்தது. இவை கதிரை ஆக்கும் ஆற்றலுடையவை. கருவுக்குள் செல்லும் சீட்டும் உடையவை. ஆகவே சாதாரண வேளைகளில் இம்போட்டின் இவற்றைச் சுமந்து கருவுக்குள் கொண்டுபோய் வைக்கின்றது. கரு குலைந்ததும் இவை வெளியேறிக் கலமெங்கும் பரவ, இம்போட்டின் மீண்டும் இவற்றைப் பற்றிக்கொள்கின்றது. பற்றியிருக்கும்வரை இவற்றின் கை கட்டப்பட்டிருக்கும். ஆனால் நிறமூர்த்தத்தின் அருகிலே மட்டும், ஆர்.சி.சி.1 அங்கு ஒட்டியிருப்பதால், ஏற்றப்பட்ட றான் மிகுந்துள்ளது. அது இம்போட்டினைப் பற்றிச் சுமையை இறக்கச் செய்கின்றது. இறங்கிய சுமை கதிரைக் கட்டத் தொடங்குகின்றது. 'ஊர் வந்துவிட்டது, இறக்கு' என்னும் அதே கட்டளைதான். ஊருக்கு மதில் இல்லாதபோதும் ஊர் எங்கே என்பதை அக்கட்டளை காட்டுகின்றது. சுமைகாரனின் தொழில் மாறவில்லை. அத்தொழிலின் பொருளே மாறிற்று.

இவ்விளக்கம் மெய்யாயின் நிறமூர்த்தத்தைச் சூழ்ந்து ஏற்றப்பட்ட றான் ஒளிவட்டம் போல் அமைந்து, விலகிச் செல்லச் செல்ல மங்கவேண்டும். 2002 இல் கலாப், வைஸ், ஹீல்ட் ஆகியோர் ஒளிரும் புரதங்களை இணைத்த உணரி ஒன்றைத் தவளைச் சாற்றில் இட்டு அவ்வட்டத்தைக் கண்ணாற் காணச் செய்தனர். 2006 இல் மனிதக் கலத்திலும் அது காணப்பட்டது. பிரிவு முடிந்தபின் மென்சவ்வைத் திரும்ப நெய்வதிலும் றானுக்குப் பங்குண்டு. 2000 ஆம் ஆண்டில் சாங், கிளார்க் ஆகிய இருவர் றான் பூசிய மணிகளைச் சூழ்ந்து, உள்ளே நிறமூர்த்தம் எதுவும் இல்லாமலே, துளைகளுடன் கூடிய கருமென்சவ்வு உருவாவதைக் காட்டினர்.

மதுவத்தின் நிலை வேறு. அங்கே கலம் பிரியும்போதும் கருமென்சவ்வு குலைவதில்லை. கதிர் கருவினுள்ளேயே அமைகின்றது. இலண்டனில் சாத்தோவும் தொடாவும் 2007 இல், பிளவு மதுவத்தின் கதிர்ப் புரதமொன்று பிரிவு வேளையிற் கருவினுட் சேர்வதும் அங்கே தொழிற்படுவதும் றானைச் சார்ந்தவை எனக் காட்டினர். போக்குவரத்தும் கலப்பிரிவும் இரண்டல்ல, ஒன்றே என்னும் பழைய நிலை மதுவத்தில் இன்றும் நிலவுகின்றதெனலாம். விலங்குக் கலம் மென்சவ்வைத் துறந்தபோது அந்தப் பழைய கருவியைத் துறவாமல் வேறு பயனுக்கு ஆக்கிக்கொண்டது என ஊகிப்பது தவறாகாது.

தாவரங்களின் நிலை இன்னும் கருதற்குரியது. மிளகு உட்பட உயர் தாவரங்களின் கலங்களிற் கதிரின் முனைகளை அமைக்கும் புன்மையத்திகள் இல்லை. ஆகவே கதிர் தன் தொடக்கத்துக்கு நிறமூர்த்தங்களையும் கருவின் மேற்பரப்பையும் பெரிதும் சார்ந்திருக்க வேண்டியதாகின்றது. தவளைச் சாற்றின் மணிகள் இருந்த நிலைக்கு இது அணித்து. தாவரத்தின் றான்-காப் கருமென்சவ்வில் ஒட்டுவதற்குத் தனக்கெனவே ஒரு பகுதியைக் கொண்டுள்ளது என்பதை அனிற்றா றோஸ், ஐரிஸ் மையர் ஆகிய இருவர் 2001 இல் கண்டனர். விலங்குகளில் அப்பகுதி இல்லை. 2008 இல் மையரின் குழுவினர் அரபிடொப்சிஸ் செடியிலே இப்புரதம் வேறொரு பணியும் ஆற்றுவதை அறிவித்தனர். கலம் பிரியத் தொடங்குமுன்னரே, எதிர்காலக் கலச்சுவர் எங்கே வந்து பொருந்தவேண்டுமோ அவ்விளிம்பில் றான்-காப் வளையமாக அமர்கின்றது. சுவர் வந்து சேரும்வரை அவ்விடத்தை விட்டு நீங்குவதில்லை. எல்லைக் கல் நாட்டிவிட்டு வேலி கட்டும் மலையகத் தோட்டக்காரரின் முறை இதுவே.

விலங்குக் கலத்தில் றான்-காப் வேறிடம் செல்கின்றது. சூமோ என்னும் சிறு புரதம் அதனுடன் பிணைக்கப்படுவதும், அப்பிணைப்பு அதனைக் கருத்துளையில் நிறுத்துவதும் 1996 இலும் 1997 இலும் தெரியவந்தன. சூமோ பிணைக்கப்படும் புரதமாக முதன்முதல் அறியப்பட்டதும் றான்-காப்பே. டாசோவின் ஆய்வுகூடத்தில் ஜோமொன் ஜோசப் முதலியோர் 2002 இல், கரு குலைந்தபின் இதே பிணைப்பே றான்-காப்பைக் கதிருக்கும், நிறமூர்த்தத்தில் நார்கள் பற்றும் இடத்துக்கும் இட்டுச்செல்கின்றது எனக் கண்டனர். 2004 இல் அவர்கள் மேலும் ஒரு படி சென்றனர். கருத்துளையின் ஒரு பெரும் புரதத்துடன் றான்-காப் சேர்ந்து அவ்விடத்தை அடையாவிடில் நார்கள் நிறமூர்த்தத்தை உறுதியாகப் பற்றுவதில்லை. வாயிற் கட்டடம் இடிந்தபின் அதன் தூண்களுள் ஒன்று வேறு கட்டடத்துக்குத் தாங்கலாகிறது. ஜோசப் பின்னர் புனே நகரின் தேசிய கல விஞ்ஞான நிலையத்தில் இப்புரதங்கள் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார். ஒரு துறை தன் தொடக்கத்தை நியூ யோர்க்கிலும் கியூஷுவிலும் கொண்டிருந்தாலும், அதன் பிற்காலக் கிளைகள் ஆசியாவில் வேறிடங்களிலும் வேரூன்றியுள்ளமைக்கு இஃது ஒரு சான்று.

உட்புகும் வழி பற்றியே இதுவரை கூறப்பட்டது. வெளியேறும் வழியும் கலப்பிரிவில் தன் கடமையைச் செய்கின்றது. கலப்பிரிவைத் தொடங்கிவைக்கும் சைக்கிளின் பி என்னும் புரதம் பிரிவுக்கு முன் கருவுக்கு வெளியிலே தங்கியிருந்து, பிரிவு தொடங்கும் தறுவாயிலேயே விரைந்து உட்புகுவதை ஜொனதன் பைன்சும் ரொனி ஹண்டரும் 1991 இல் கண்டனர். வெளியே வாளாவிருந்ததன்று, அது இடையறாது உட்புகுவதும், சி.ஆர்.எம்.1 என்னும் புரதத்தால் இடையறாது வெளியேற்றப்படுவதுமாய் இருந்தது என்பதை 1998 இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுவினர் காட்டினர். வெளியேற்றம் நின்றவுடன் அது உள்ளே குவிகின்றது.

இதனைக் காட்ட அவர்களுக்கு உதவிய கருவி லெப்தோமைசின் பி. 1983 இல் தோக்கியோவில் பெப்புவின் குழுவினர் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றினின்று பங்கசுக் கொல்லியாக அதனைப் பிரித்தெடுத்தபோது, அது கருவின் புறவாயிலை அடைக்கும் மூலக்கூறு என்பது எவருக்கும் தெரியாது. அதன் இலக்கு சி.ஆர்.எம்.1 என்பது 1994 இல் தெரிந்தது, சி.ஆர்.எம்.1 வெளியேற்றும் சுமைகாரன் என்பது 1997 இல் தெரிந்தது. சி.ஆர்.எம்.1 என்பதும் நிறமூர்த்தத்தின் அமைப்பைக் காக்கும் புரதம் எனக் கருதி 1989 இல் யனகிதாவின் ஆய்வுகூடத்தில் இடப்பட்ட பெயர். ஆர்.சி.சி.1 இன் கதையே மீண்டும் இங்கு நிகழ்ந்தது.

புற்றுநோய்க் கலத்திலே, பிரிவைத் தடுக்கும் காவற்புரதங்கள் பல கருவினின்று மிகையாக வெளியேற்றப்பட்டுச் செயலற்றுப்போகின்றன. புறவாயிலை அடைத்தால் அவை உள்ளேயே தங்கித் தம் தொழிலைச் செய்யும் என எதிர்பார்க்கப்பட்டது. லெப்தோமைசினை மனிதரிற் சோதித்தபோது அதன் நச்சுத்தன்மை தாங்க இயலாததாய் இருந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதே இலக்கைத் தாக்குவதாக ஆக்கப்பட்ட செலினெக்சோர் என்னும் மருந்து, எலும்பு மச்சைப் புற்றுநோயொன்றில் வேறு மருந்துகள் பயனளிக்காத நோயாளருக்கென 2019 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிபெற்றது. அதுவும் துன்பந்தராத மருந்தன்று. உண்போர்க்குக் குமட்டலும் பசியின்மையும் உண்டாகின்றன, குருதிச் சிறுதட்டுகளின் தொகையும் பெரிதும் குறைகின்றது. அது அடைக்கும் வாயில் நலமுள்ள கலங்களின் கருவுக்கும் உரியதேயாகும்.